மெம்செக் சும்மா இருந்தால் போதுமா?

சி, சி++ எழுதும் குழுக்களில் ஒரு பேச்சு ஊறிப்போயிருக்கிறது: “வால்கிரைண்டில் ஓட்டியாச்சு, எர்ரர் எதுவும் வரல. இனிஷியலைஸ் ஆகாத மதிப்பு கோடில் இல்லை.” இதை என்னால் ஏற்க முடியாது.

வால்கிரைண்டின் மெமரி சோதனைக் கருவியான மெம்செக் அப்படி ஒரு உறுதியைத் தருவதே இல்லை. மதிப்பு வைக்காத வேரியபிளை நகலெடுத்தாலும் கூட்டினாலும் அது வாய் திறக்காது. ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நிழல் பிட் வைத்து, ‘இது செல்லுமா, செல்லாதா’ என்று குறித்துக்கொண்டே போகும். இஃப் எந்தப் பக்கம் திரும்புவது, எந்த முகவரியைத் தொடுவது என்பதை அந்த மதிப்பு முடிவுசெய்யும்போதோ, அது கர்னலுக்குப் போகும்போதோதான் புகார் வரும். ஓடாத கிளையில் கிடக்கும் பிழை அதன் கண்ணில் படாது.

“ஒப்பிட்டால் கட்டாயம் பிடித்துவிடும்” என்பது அடுத்த வாதம். இதைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். மதிப்பு வைக்காத ஒரு இன்ட் எடுத்து, 128-உடன் ‘ஆர்’ செய்யுங்கள். இப்போது ஒரே ஒரு பிட் மட்டும் நிச்சயம் 1, மற்றவை தெரியாது. அதை 5-உடன் ஒப்பிடுங்கள். 5-இல் அந்த பிட் 0. மற்ற பிட்கள் என்னவாக இருந்தாலும் இரண்டும் சமமாகாது. நுணுக்கச் சோதனைக்கான ஆப்ஷனை முழுதாக இயக்கினால் மெம்செக் இங்கே சும்மா இருக்கும், இருப்பதுதான் சரி. 5-ஐ எடுத்துவிட்டு 133 போடுங்கள். விடை இப்போது தெரியாத பிட்களைப் பொறுத்தது. புகார் வந்தாக வேண்டும். கத்த வேண்டியதையும் கத்தக் கூடாததையும் இப்படி ஜோடியாக வைக்காத சோதனையை நான் சோதனையாகவே மதிப்பதில்லை.

இதே ஜோடியை ஓ2 ஆப்டிமைசேஷனில் கம்பைல் செய்தால் 5-உடனான ஒப்பீடு பைனரியிலேயே இருக்காது. எப்போதும் பொய் என்று கணக்குப்போட்டு கம்பைலர் அதைத் தூக்கிவிடும். மெம்செக் பார்ப்பது பைனரியைத்தான், நீங்கள் எழுதிய வரியை அல்ல. ஆகவே ஓ0, ஓ2 இரண்டிலும் ஓட்ட வேண்டும். மதிப்பு வைக்காத வேரியபிளைப் பிடிக்க அட்ரஸ்சானிடைசர் உதவாது. அதன் வேலை வேறு. மெம்மரிசானிடைசர் உதவும், ஆனால் இணைக்கும் லைப்ரரிகளையும் அதே முறையில் கம்பைல் செய்திருக்க வேண்டும்.

“வார்னிங் வந்தால் அந்த வரியை எடுத்துவிடு” என்ற பழக்கம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2006-இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் அதைத்தான் செய்தார்கள். வால்கிரைண்ட் புகாரை அடக்க இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. அவற்றில் ஒன்று ரேண்டம் எண்ணுக்கு உண்மையான விதையைச் சேர்த்த வரி. மிஞ்சியது பிராசஸ் எண் மட்டும், அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். 2008 மே மாதம் அது வெளியே தெரியும்வரை அந்தப் பேக்கேஜால் உருவான சாவிகளை யார் வேண்டுமானாலும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கலாம்.

மெம்செக்கில் டிராக்-ஆரிஜின்ஸ் ஆப்ஷன் இருக்கிறது. ஓட்டம் இன்னும் மெதுவாகும். ஆனால் செல்லாத மதிப்பு எந்த மாலாக்கில், எந்த ஃபங்ஷனின் ஸ்டாக்கில் பிறந்தது என்று காட்டிவிடும். எந்த வரியையும் நீக்குமுன் அதைப் போட்டு ஒருமுறை ஓட்டுங்கள்.