ஊர்பவரும் நடப்பவரும்

செக்காலைக்குப் புறத்தே உள்ள கண்மாய்க் கரையொன்றில் வைகறையில் நடப்போர் பலர். பஜ்ருத் தொழுகை முடித்து வரும் பெரியோர், நீரிழிவுக்காக மருத்துவர் சொற்படி நடப்போர், பூக்கூடையுடன் சந்தைக்கு விரையும் பெண்டிர் என அவர்தம் நோக்கங்கள் பலவாயினும் பாதை ஒன்றே. அதே பாதையில் மிதிவண்டிகளும் வருகின்றன. சென்ற ஆண்டு, பொழுது புலராத வேளையில், பால் கொண்டு சென்ற பள்ளிச் சிறுவன் ஒருவனின் வண்டி மோதி முதியவர் ஒருவரின் இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் எழுந்த கோரிக்கை, கரையின் இரு முனைகளிலும் கல் நட்டு மிதிவண்டிகளை அறவே தடுத்துவிட வேண்டும் என்பது. பெரியோர் சிலரும் இதனை ஆதரிக்கின்றனர். அவர்கள்பால் நாம் கொண்ட மதிப்புச் சிறிதும் குறையாமலே, இம்முடிவு பொருந்தாது என எடுத்துரைக்க விழைகிறோம்.

தமிழில் ஆறு என்னும் சொல்லுக்கு வழி என்பதும் ஒரு பொருள். வழியில் எதிர்ப்பட்டவனுக்கு வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக்கி, பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகளை வைத்தவர்கள் நம் முன்னோர். அவற்றுள் மலைபடுகடாம் மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எச்சரிக்கிறது. பெரும்பாணாற்றுப்படையிலோ, பாணன் நடந்து செல்லும் வழியிலேயே உமணரின் உப்பு வண்டிகள் செல்கின்றன. மிளகுப் பொதி சுமந்த கழுதைகளும் செல்கின்றன. நடப்போர்க்கு ஒரு வழி, ஊர்வோர்க்கு ஒரு வழி எனப் பிரித்த காட்சி அங்கில்லை. (தனக்கென்று தனிப்பாதை வாய்க்கப்பெற்ற உயிர், செக்கைச் சுற்றி வரும் மாடு ஒன்றே போலும்! செக்கைப் பெயரிலேயே தாங்கிய ஊரில் இருந்துகொண்டு இதனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

மேலைநாடுகளிலும் இவ்வழக்கு உண்டு. மலைப்பாதைகளில் நடப்போரும், அதற்கெனவே அமைந்த மிதிவண்டிகளில் செல்வோரும் ஓயாது பூசலிடுகின்றனர். அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் காப்பைப் பெற்ற காட்டுப்பகுதிகளில் மிதிவண்டிக்கு இடமில்லை. இங்கிலாந்தோ வேறு வழியில் சென்றது. அங்கு 1968ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டம், குதிரைகள் செல்லும் பாதைகளில் மிதிவண்டிகளையும் அனுமதித்தது. ஆயின், நடப்போர்க்கும் குதிரையில் செல்வோர்க்கும் மிதிவண்டியில் வருவோர் வழிவிட்டே ஆகவேண்டும் என்று விதித்தது. விரைந்து செல்பவன் தலையிலேயே பொறுப்பை வைத்தது இச்சட்டத்தின் நுட்பம்.

இந்த நுட்பம் நமக்குப் புதியதன்று. ஊர்தியில் செல்பவர் நடப்பவருக்கும், நடப்பவர் அமர்ந்திருப்பவருக்கும் முதலில் ஸலாம் உரைக்க வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றது. மதரஸாவில் சிறு பிள்ளைகளாய் இருந்தபோதே நாம் கேட்டதுதான். ஆயினும் அதனைப் பாதையோடு பொருத்திப் பார்த்தோமா? உயரத்தில் இருப்பவரும் விரைவு உடையவரும் ஏன் முந்திக்கொள்ள வேண்டும்? நடப்பவரின் அச்சத்தை நீக்கும் ஆற்றல் ஊர்பவரிடமே உள்ளது. ஸலாம் உரைப்பவர் தம் வருகையை அறிவிக்கிறார். தம்மால் தீங்கில்லை என உறுதி கூறுகிறார். உரைப்பதற்கேனும் சற்று வேகம் தணிகிறார். மிதிவண்டியின் மணியோசையை இந்த ஸலாமின் நீட்சியாகவே நாம் காண்கிறோம். அச்சிறுவனின் வண்டியில் மணியும் இல்லை, விளக்கும் இல்லை. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடியே அந்த முதியவர் கேட்டது, "பையனுக்குப் பள்ளிக்கூடம் தவறிவிடவில்லையே?" என்பதுதான்.

கல் நட்டால் தடுக்கப்படுவோர் யார் என்பதையும் எண்ண வேண்டும். பால் ஊற்றும் சிறுவன், நாளிதழ் போடுபவன், அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளி செல்லும் மாணவி, கொத்து வேலைக்குச் செல்லும் தொழிலாளி ஆகியோரே. கரையை மூடினால் இவர்கள் பேருந்தும் சரக்குந்தும் விரையும் நெடுஞ்சாலைக்கே தள்ளப்படுவர். அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தபோது, பல்லாயிரம் சிற்றூர்ப் பெண்கள் ஏளனத்தைப் பொருட்படுத்தாது ஓட்டக் கற்றனர். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். அவ்வாறு திறந்த வழியைக் கல் நட்டு அடைப்பது நமக்கு அழகன்று.

எல்லாப் பாதையும் பகிரத்தக்கதே என்று நாம் வாதிடவில்லை. செங்குத்தான மலைச்சரிவில் இறங்கிவரும் மிதிவண்டியைச் சட்டென நிறுத்த இயலாது. அத்தகைய ஒற்றையடிப் பாதையை ஒருவருக்கே விடுவதுதான் முறை. நம் கரையோ சமதளம். எதிரே வருபவர் நெடுந்தொலைவிலேயே தென்படுவர், வெளிச்சம் மட்டும் இருந்தால்.

உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. நெடுநடை செட்டிநாட்டார்க்குப் பழகியது. தைப்பூசத்தையொட்டி நகரத்தார் காவடியுடன் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் வழக்கம் பல தலைமுறைகளாகத் தொடர்கிறது. இரவில் நடக்கும் அவர்கள் அஞ்சுவது மிதிவண்டிக்கா, மோட்டார் வாகனத்துக்கா? தடையற்ற நடைபாதை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உரிமையில் அடங்கும் என உச்சநீதிமன்றம் 2025ஆம் ஆண்டு கூறியதும் இவ்வச்சத்தை முன்னிட்டே. நம் கண்மாய்க் கரையிலும் மோட்டார் சைக்கிள்கள் குறுக்குவழி தேடி நுழையத் தொடங்கிவிட்டன. அவற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிறுவனைத் தடுப்பது எளிது. மோட்டார் சைக்கிளில் வரும் கடைக்காரரைத் தடுப்பது அத்துணை எளிதன்று.

எனவே கல்லுக்கு மாற்றாக ஒன்றைப் பரிந்துரைக்கிறோம். கரையின் இரு முனைகளிலும் முழங்கால் உயரத்தில் இரும்புக் குழாய் ஒன்றைக் குறுக்கே பொருத்தி, ஒருபுறம் ஓர் ஆள் மட்டும் நுழையும் இடைவெளி விடலாம். முதியோரும் கூடை சுமந்த பெண்டிரும் இடைவெளி வழியே செல்வர். மிதிவண்டிக்காரர் இறங்கி வண்டியைத் தூக்கி அப்பால் வைப்பார். மோட்டார் சைக்கிளைத் தூக்கி வைக்க எவராலும் இயலாது. கலிங்கின் மேல் கரை குறுகும் இடத்தில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டே செல்ல வேண்டும் என ஒரு பலகையும், இரண்டு விளக்குக் கம்பங்களும் தேவை. 2024இல் மாநகராட்சியாக உயர்ந்த காரைக்குடிக்கு இது பெருஞ்செலவன்று. வண்டிகளுக்கு மணியும் விளக்கும் பொருத்தும் பொறுப்பை நம் மாணவர்கள் ஏற்கலாம். ஐப்பசி மழையில் கரை சேறாகுமுன் இப்பணியைத் தொடங்கினால் நன்று.