சொந்தப் படையே சுட்டால்..?

கால்ல ஒரு சின்னக் கொப்புளம். சும்மா இருக்க முடியாம கிள்ளி விட்டாச்சு. மறுநாள் வீக்கம், ஜுரம். 'ஒரு பாராசிட்டமால் போட்டாப் போதும் மச்சி, நாளைக்கு இன்டர்னல் இருக்கு'னு போர்த்திக்கிட்டுப் படுத்துடறோம். ஹாஸ்டல்ல இது சகஜம்தான். பெரும்பாலும் சரியாகியும் விடும்.

சரியாகாவிட்டால்? அதுதான் செப்சிஸ். அது முற்றி ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கினால், செப்டிக் ஷாக். அடி வாங்கும் முதல் வரிசை உறுப்புகளில் ஒன்று நுரையீரல். புண் காலில், மூச்சு ஏன் முட்டணும்?

உடம்பின் மொத்த ரத்தமும் நுரையீரல் வழியாகத்தான் போகுது பாஸ்! அங்கே கோடிக்கணக்கான குட்டிக் காற்றறைகள். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவரின் தடிமன், பெரும்பாலான இடங்களில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கிருமியைக் கண்டதும் நம் பாதுகாப்பு செல்கள் 'சைட்டோகைன்' என்ற ரசாயன அபாயச் சங்கை ஊதுகின்றன. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து, நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் ஒட்டிக்கொள்கின்றன. கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் என்சைம்களை அங்கேயே கொட்டுகின்றன. எதிரி யார், வீட்டுக்காரர் யார்னு அந்த என்சைமுக்குத் தெரியாதே!

குழாயின் உள்சுவர் செல்களுக்கு இடையே விரிசல். புரதம் கலந்த நீர் கசிந்து காற்றறைகளை நிரப்புகிறது. அறைகள் சுருங்கி ஒட்டிவிடாமல் காக்கும் 'சர்ஃபாக்டன்ட்' என்ற வழவழப்பைச் சுரக்கும் செல்களும் செத்துப்போகின்றன. ஆக்சிஜன் கொடுத்தாலும் ரத்தத்தில் ஏறாது. 1967-ல் அமெரிக்காவின் டென்வர் டாக்டர்கள், இப்படி மூச்சுத் திணறிய 12 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். இன்று இதன் பெயர் ஏ.ஆர்.டி.எஸ்.

வென்டிலேட்டர் கைகொடுக்கும். ஆனால் காற்றைப் பலமாக அடித்தால், நொந்த நுரையீரல் இன்னும் கிழியும். அளவைப் பாதியாகக் குறைத்தபோது, நூற்றுக்குச் சுமார் 40 ஆக இருந்த மரணங்கள் 31 ஆயின என்று 2000-ல் ஓர் ஆய்வு காட்டியது. கிழிந்ததை ஒரே நாளில் தைக்கும் மருந்து மட்டும் இன்னும் கிடையாது.

அதனால் முந்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஜுரத்தோடு மூச்சு வாங்குதா? குளறிப் பேசறானா? சிறுநீர் குறைஞ்சுடுச்சா? கை, கால் சில்லிட்டுப் போச்சா? ரூம்மேட்டை எழுப்பி ஆட்டோவில் ஏற்றுங்க. டாக்டரிடம் 'செப்சிஸா இருக்குமா?'னு கூச்சப்படாமல் கேளுங்க. இங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இன்டர்னலை அப்புறம் எழுதிக்கலாம். நுரையீரலுக்கு ரீ-டெஸ்ட் கிடையாது!