நள்ளிரவுக் காய்ச்சலுக்கு யாரிடம் கேட்பது?

பிச்சாவரம், கிள்ளை, பரங்கிப்பேட்டை வட்டாரத்தில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்ணை ஜிப்மருக்கோ அடையாறுக்கோ அழைத்துச் செல்கிறோம். கீமோ ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த ஊசிக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த நாட்களில் அவள் யாருடைய பொறுப்பு?

டாக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்து ஏறினால் ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகும். இரத்தமோ என்று வீடே கலங்கிவிடும். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் 7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையே வருகிற காய்ச்சலை என்ன செய்கிறோம்? கடையில் பாரசிட்டமால் வாங்கிக் கொடுத்துப் படுக்கவைக்கிறோம். உயிருக்கு உலை வைப்பது அதுதான்! வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும் நாட்கள் அவை. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போன ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். மாத்திரை காய்ச்சலை மறைக்குமே தவிர கிருமியைக் கொல்லாது.

எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துச் சொல்ல, பயிற்சி பெற்ற ஒரு நர்ஸும் ஒரு தொலைபேசியும் போதும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 20 புற்றுநோய் மையங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் நர்ஸே இரண்டு முறை அழைத்து விசாரித்தார். 2021இல் முடிவு வெளிவந்தது. மருத்துவமனைக்கு ஓடிவருவது குறையவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெண்களின் கடுமையான உபாதைகள் குறைந்தன. வர வேண்டியவர் வரத்தானே வேண்டும்?

நம் வீடுகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. மார்பு என்ற சொல்லையே ஆண் மருத்துவரிடம் உச்சரிக்கக் கூசும் தாய்மார்கள், வாய்ப்புண்ணையும் வயிற்றுப்போக்கையும் கூடச் சொல்லாமல் விழுங்கிக்கொள்கிறார்கள். பெண் நர்ஸிடம் போனில் சொல்வார்கள். ஆனால் மருத்துவமனைச் சீட்டில் இருப்பது யாருடைய எண்? சவூதியில் இருக்கும் கணவருடையது, இல்லையேல் கடையில் இருக்கும் மகனுடையது! வியாபாரி சகோதரர்களே, முதலில் அந்த எண்ணை மாற்றி, நோயாளியின் சொந்த எண்ணை எழுதிக் கொடுங்கள். ஒரு தெர்மாமீட்டரும் வாங்கி வையுங்கள்.

104ஐ அழைக்கலாமே என்பார்கள். நல்ல சேவைதான். ஆனால் எதிர்முனையில் எடுப்பவருக்கு இவளுக்கு என்ன மருந்து, எந்தத் தேதியில் ஏறியது என்று தெரியாதே. எங்கே ஊசி போட்டாலும் நள்ளிரவில் பிச்சாவரத்துக்காரர் ஓட வேண்டிய இடம் சிதம்பரம்தான். அங்கே 2021இல் அரசின் சுகாதாரத் துறைக்கு வந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கீமோ பெறும் மாவட்டப் பெண்களின் பட்டியலோடு ஒரு நர்ஸ் மேசை, இரவிலும் எடுக்கப்படும் ஓர் எண்: இதைத்தான் கேட்கிறோம். இது முஸ்லிம்களுக்கான சலுகையல்ல. கிள்ளை மீனவப் பெண்ணுக்கும் இருளர் பெண்ணுக்கும் அதே காய்ச்சல்தான்.

மனு எழுத இளைஞர்கள் இருக்கிறார்கள். அரசு யோசிக்கும் வரை, பரங்கிப்பேட்டையில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பது நம் கடைத்தெருவால் முடியாத காரியமா? அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.