திருவாலங்காட்டில் பூண்டு ஏன் திரள்வதில்லை?

2024-ம் ஆண்டின் தொடக்கத்தில் சில்லறைக் கடைகளில் பூண்டு விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. இப்படி விலை ஏறும்போதெல்லாம் சமவெளி விவசாயிகளுக்கு ஒரு கேள்வி எழும். நெல், கரும்பு, வேர்க்கடலை எல்லாம் விளையும் திருவாலங்காட்டு மண்ணில் பூண்டு மட்டும் விளையாதா? விதைப் பூண்டுக்குப் பணம் போடும் முன்பே இதற்கு விடை தெரிந்துகொள்வது நல்லது. அந்த விடை மண்ணில் இல்லை, குளிரில் இருக்கிறது.

தாள் வரும், பூண்டு வராது

கடையில் வாங்கிய பூண்டுப் பல்லை ஐப்பசியில் நட்டால் இங்கேயும் முளைக்கும். தாளும் பச்சைப்பசேல் என்று வளரும். பிடுங்கிப் பார்த்தால் அடியில் லேசான தடிப்பு மட்டும் இருக்கும், அல்லது பிரியாத ஒற்றைப் பல் இருக்கும்.

பூண்டு திரள இரண்டு சைகைகள் வேண்டும். ஒன்று குளிர், மற்றொன்று பகலின் நீளம். ஊட்டி, கொடைக்கானல் ஆகிய ஊர்களுக்கும் திருவாலங்காட்டுக்கும் பகல் நீளத்தில் சில நிமிட வித்தியாசம்தான் உண்டு. ஆனால், அந்த மலை ஊர்கள் 2,000 மீட்டருக்கு மேல் இருக்கின்றன. திருவாலங்காடு 100 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. ஊட்டியில் ஜனவரியில் உறைபனி விழும்போதும் இங்கே இரவு வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். மலைப்பூண்டு திரள்வதும் நம் பூண்டு திரளாமல் போவதும் இந்த வித்தியாசத்தால்தான்.

செல்லுக்குள் நடப்பது

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், நல்லெண்ணெய் உறையாது. செடியின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியுள்ள சவ்வும் கொழுப்பால் ஆனதே. குளிர் வந்ததும் அது இறுகத் தொடங்குகிறது. அந்த இறுக்கமே செடிக்கு முதல் எச்சரிக்கை. உடனே கால்சியம் செல்லுக்குள் பாய்கிறது. அதைத் தொடர்ந்து சி.பி.எஃப். என்ற கட்டுப்பாட்டு மரபணுக்கள் விழிக்கின்றன. அவை குளிரைத் தாங்க உதவும் பல மரபணுக்களை இயக்குகின்றன. சவ்வின் கொழுப்பு, தேங்காய் எண்ணெய் நிலையிலிருந்து நல்லெண்ணெய் நிலைக்கு மாறுகிறது. சர்க்கரையும் புரோலின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்து செல் நீர் எளிதில் உறையாமல் காக்கின்றன. குளிரால் உருவாகும் கேடு தரும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை நொதிகள் அழிக்கின்றன.

குளிரைத் தாங்குவதோடு வேலை முடிவதில்லை. குளிர்காலம் வந்து போனதைச் செடி நினைவிலும் வைத்துக்கொள்கிறது. பூண்டின் நெருங்கிய உறவான வெங்காயத்தில் இது 2013-ல் தெளிவானது. எஃப்.டி. என்ற ஒரே மரபணுக் குடும்பத்தில் ஒன்று வெங்காயத்தைத் திரள வைக்கிறது, மற்றொன்று அதைத் தடுக்கிறது, இன்னொன்று குளிருக்குப் பிறகு பூக்க வைக்கிறது. பூண்டிலும் இந்தக் குடும்ப மரபணுக்கள் உண்டு.

குளிர் பதன அறை உதவுமா?

பிரிட்ஜில் வைத்த பூண்டு சீக்கிரம் முளைவிடுவதை வீட்டிலேயே பார்த்திருப்போம். குளிர் அதன் உறக்கத்தைக் கலைக்கிறது. இதைப் பயன்படுத்தி பிரேசிலின் வெப்பமான பகுதிகளில் விதைப் பூண்டைப் பல வாரங்கள் குளிர் அறையில் வைத்து நடுகிறார்கள். ஆனால், அவர்கள் நடுவது பெரும்பாலும் இரவில் குளிரும் மேட்டு நிலங்களில். நட்ட பிறகு வெயில் கொளுத்தினால் செடி பெற்ற குளிர் நினைவு அழிந்துபோகலாம். குளிர் அளவு மீறினாலும் தொல்லைதான். பல்லிலிருந்து பக்கக் கிளைகள் வெடித்து, பூண்டு உருக்கெட்டுவிடும்.

வெப்பம் தாங்கும் ரகத்தைச் சீக்கிரம் உருவாக்குவதும் எளிதல்ல. சாகுபடிப் பூண்டு பெரும்பாலும் வளமான விதை கொடுப்பதில்லை, பல் வழியாகவே பெருகுகிறது. அதனால் ஒட்டுச் சேர்த்துப் புது ரகம் எடுக்க வழி குறைவு. 2020-ல் வெளியான பூண்டின் மரபணுத் தொகுதி சுமார் 1,600 கோடி எழுத்துகள் கொண்டது. மனிதனுடையது சுமார் 300 கோடிதான்.

விலையை நம்பலாமா?

இந்தியப் பூண்டில் பெரும்பங்கு மத்தியப் பிரதேசத்தில் விளைகிறது. 2022-ல் விலை கிடைக்காமல் அங்குள்ள விவசாயிகள் பூண்டை ஆற்றில் கொட்டினார்கள். அடுத்த இரண்டே ஆண்டில் 400 ரூபாய். குளிர்காலம் இயல்பாகவே அமைந்த ஊரிலேயே இந்த நிலை என்றால், குளிரே இல்லாத ஊரில் விலையை மட்டும் நம்பி இறங்குவது இரட்டைச் சூதாட்டம்.

நமக்கு ஒரு வழி இருக்கிறது. பூண்டு திரள வேண்டியதில்லை என்று முடிவு செய்தால், தாளுக்காக மட்டும் வீட்டுத் தோட்டத்தில் நடலாம். சமையலுக்கு உதவும், செலவும் அதிகமில்லை. திரட்சிக்காக முயல விரும்புபவர்கள் கார்த்திகையில் ஒரு பாத்தியில் மட்டும் நட்டுப் பாருங்கள். ஏக்கர் கணக்கில் இறங்கும் முன் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

மலை விவசாயிகளுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரைத் தாங்கி நிற்பது மலையின் குளிர். மலை இரவுகள் வெப்பமானால் முதலில் தடுமாறப்போவது பூண்டுதான். அன்று கொடைக்கானல் விவசாயியும், திருவாலங்காட்டு விவசாயி இன்று கேட்கும் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கும்.