தெரிந்தவர் தொட்டால் என்ன செய்வது, டீச்சர்?

சில ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு நலக்கல்விப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் என்பதே அன்றைய தலைப்பு. சாலை விளக்கின் மூன்று நிறங்களைக் கொண்டு ஓர் உடல் படத்திற்கு வண்ணம் தீட்டும் நடவடிக்கையைக் கொடுத்திருந்தேன். கை குலுக்கும் இடம் பச்சை, எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சள், நீச்சல் உடை மறைக்கும் இடம் சிவப்பு. மாணவர்கள் மிக அழகாகத் தீட்டினார்கள். கோட்டுக்கு வெளியே ஒரு சிறு தீற்றல்கூட இல்லை. நான் ஒவ்வொரு தாளிலும் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டே வந்தேன். அப்போது ஒரு மாணவி மெல்லிய குரலில் கேட்டாள்:

"டீச்சர், தெரிஞ்சவங்க தொட்டா என்ன செய்யறது? அவங்க அந்நியர் இல்லையே?"

நான் வாய் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. "நல்ல கேள்வி, அடுத்த வாரம் பேசுவோம்" என்று கூறிவிட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டு வெளியேறினேன். அடுத்த வாரம் பள்ளி விளையாட்டுப் போட்டி. அதற்கடுத்த வாரம் எதனாலோ அந்தப் பாடவேளை நடைபெறவில்லை. அவள் மீண்டும் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. அது வெறும் அறிவுத்தாகத்தால் எழுந்த கேள்வியா, அல்லது வேறு எதையோ சொல்ல எடுத்த முதல் முயற்சியா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறாள். வழியில் காணும்போது "வணக்கம் டீச்சர்" என்று சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன்.

அந்த நிகழ்வுக்குப் பிறகுதான், நாம் வகுப்பறையில் நடத்தும் பாதுகாப்புப் பாடங்களை நான் ஐயக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன்.

நம் பயிற்சித்தாள்களில் வரும் தீயவரைச் சற்று நினைவுபடுத்திப் பாருங்கள். கறுப்புக் கண்ணாடி, முரட்டு மீசை, கையில் மிட்டாய், பக்கத்தில் ஒரு வேன். வகுப்பில் நடித்துக் காட்டச் சொன்னாலும் மாணவர்கள் அந்த மீசைக்காரரைத்தான் நடிப்பார்கள். வகுப்பே சிரித்து உருளும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால், குழந்தைகளுக்குத் தீங்கு செய்பவர்களில் பெரும்பாலோர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர்கள் என்பது இத்துறையில் பணியாற்றும் மருத்துவரும் காவல் துறையினரும் சமூகநல அதிகாரிகளும் காலங்காலமாகச் சொல்லிவரும் உண்மை. உறவினர், அண்டை வீட்டார், பள்ளி வேன் ஓட்டுநர், துணைப்பாட ஆசிரியர், ஏன், என்னைப் போன்ற பள்ளி ஆசிரியராகவும் இருக்கலாம். மீசைக்காரரைக் கண்டு ஓடப் பழகிய பிள்ளைக்கு, மடியில் உட்கார வைத்து ஐஸ்கிரீம் வாங்கித் தரும் மாமாவிடமிருந்து எப்படி விலகுவது என்று தெரியுமா?

2016-ஆம் ஆண்டில் இலண்டன் நீதிமன்றம் ரிச்சர்ட் ஹக்கல் என்ற ஆங்கிலேயனுக்கு 22 ஆயுள் தண்டனைகளை விதித்தது. அவன் சீரழித்த குழந்தைகளில் பெரும்பாலோர் நம் மலேசியக் குழந்தைகள். அவன் இருட்டில் ஒளிந்திருந்து பாய்ந்தவன் அல்லன். ஏழைக் குடும்பங்களுக்கு உதவ வந்தவனாக, ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவனாக, நம்பத்தக்கவனாக வீட்டுக்குள் நுழைந்தவன். அந்தச் செய்தி நாட்டையே உலுக்கியது. மறு ஆண்டே, 2017-இல், சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் அது சிறாராகக் கருதுகிறது. குழந்தையைத் தொடுவது மட்டுமன்றி, கெட்ட நோக்கத்தோடு அதனிடம் பேசிப் பழகி நம்பிக்கையைப் பெறுவதையும் குற்றமாக்குகிறது. பெற்றோர், பராமரிப்பாளர், ஆசிரியர் போன்ற நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் குற்றம் புரிந்தால் கூடுதல் தண்டனை உண்டு. சட்டம் இயற்றியவர்களுக்கே 'தெரிந்தவர்' யார் என்று புரிந்திருக்கிறது. நம் பயிற்சித்தாளுக்குத்தான் இன்னும் புரியவில்லை!

சரி, நடவடிக்கைகளுக்கு வருவோம். வண்ணம் தீட்டுவதை நான் குறை சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது தேவைதான். ஆனால், தீட்டுவதற்குக் கை போதும். தன்னைக் காத்துக்கொள்வதற்கு வாய் வேண்டும். "வேண்டாம்" என்று சொல், அவ்விடத்தை விட்டு விலகு, நம்பிக்கையானவரிடம் தெரிவி என்று மூன்று படிகளைக் கற்பிக்கிறோம். மாணவர்கள் மூன்றையும் ஒப்புவிக்கிறார்கள். சோதனையில் முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். ஒருநாள் நான் அவர்களை ஒவ்வொருவராக எழுந்து நின்று "வேண்டாம்!" என்று உரக்கச் சொல்லச் சொன்னேன். நம்புவீர்களா, பாதிப் பிள்ளைகளின் குரல் இரண்டாம் வரிசையைக்கூடத் தாண்டவில்லை. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையையே அதிர வைக்கும் பிள்ளைகள் இவர்கள்! பெரியவர் ஒருவர் எதிரே நின்றால் மட்டும் குரல் தொண்டைக்குள் போய்விடுகிறது.

ஏன் போகாது? காலையில் பள்ளிக்குள் நுழைந்தது முதல் மாலை வரை நாம் பழக்கிவிடுவது அதைத்தானே? பெரியவர் சொன்னால் தட்டாதே, எதிர்த்துப் பேசாதே, கேள்வி கேட்காதே. நன்னெறிப் பாடத்தில் கீழ்ப்படிதலுக்குக் கைதட்டல். அதே நாளில் அடுத்த பாடவேளையில் "பெரியவரிடம் 'வேண்டாம்' என்று சொல்" என்கிறோம். பிள்ளை எதை நம்பும்? மரியாதையைக் கற்பிக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. உன் உடலைப் பற்றிய செய்தியில் மட்டும் எந்தப் பெரியவருக்கும் நீ கீழ்ப்படிய வேண்டியதில்லை என்ற விதிவிலக்கை வெளிப்படையாக, பலமுறை, நம் வாயாலேயே சொல்ல வேண்டும் என்கிறேன். இப்போது என் வகுப்பை மாதம் ஒருமுறை திடலுக்கு அழைத்துச் சென்று, ஒரு முனையில் நான் நின்றுகொண்டு, மறுமுனையிலிருந்து எனக்குக் கேட்கும்படி "வேண்டாம்" சொல்லச் சொல்கிறேன். பக்கத்து வகுப்பு ஆசிரியை முறைக்கிறார். முறைக்கட்டும்.

இன்னொரு சிக்கல் நம் மொழியில் இருக்கிறது. தமிழில் சொல் இல்லை என்று கூறினால் பொய்யாகும்; அந்தரங்க உறுப்பு என்று பாடநூல் தமிழ் இருக்கிறது. ஆனால், நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுத்த சொல் என்ன? 'ஷேம் ஷேம்'. வெட்கம், வெட்கம்! உடலின் ஒரு பகுதிக்கு வெட்கம் என்றே பெயர் வைத்துவிட்டால், அங்கே ஒருவன் தீங்கிழைத்தான் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு எப்படி நா எழும்? நடந்ததைச் சொன்னால் தானே வெட்கப்பட வேண்டியவள் என்றல்லவா அது நினைக்கும்? கையைக் கை என்றும் காலைக் கால் என்றும் சொல்வதுபோல, மார்பு, பிட்டம், சிறுநீர் கழிக்கும் உறுப்பு என்று முகம் சுளிக்காமல் சொல்லிப் பழகுவோம். முதல் நாள் பிள்ளைகள் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் சிரிக்க மாட்டார்கள். இது என் அனுபவம்.

ஒருமுறை ஒரு தாயார் பள்ளிக்கே வந்து, "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு டீச்சர்? தெரியாததைத் தெரிய வைக்கிறீங்களே" என்று வருத்தப்பட்டார். அவர் கோபத்தில் நியாயமான அச்சம் இருந்தது. நான் சொன்னது இதுதான்: "அம்மா, சாலையைக் கடக்கக் கற்பிப்பதால் பிள்ளை சாலைக்கு ஓடுவதில்லை." அவர் முழுமையாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஆனால், அந்த ஆண்டுத் தீபாவளிக்குப் பிறகு அவரே என்னைத் தேடி வந்து ஒன்றைச் சொன்னார். விருந்துக்கு வந்த உறவினர் ஒருவருக்கு முத்தம் கொடுக்க மகள் மறுத்தாளாம். வழக்கம்போல் "மாமாவுக்குக் குடும்மா" என்று வற்புறுத்த வாயெடுத்தவர், நிறுத்திக்கொண்டு, "வணக்கம் சொன்னா போதும்" என்றாராம். எனக்கு அது போதும். உறவினர் முகம் கோணியதாகக் கேள்வி.

2011-இல் புதிய தர அடிப்படையிலான கலைத்திட்டம் வந்தபோது நலக்கல்விக்கு வாரத்திற்கு 30 நிமிடம் ஒதுக்கப்பட்டது. அந்த 30 நிமிடமும் எத்தனை பள்ளிகளில் முழுமையாக நடந்தது என்பதை ஆசிரியர்களே மனச்சான்றோடு சொல்ல வேண்டும். 2021-இல் யூபிஎஸ்ஆர் தேர்வு ஒழிக்கப்படும் வரை, மேல்வகுப்புகளில் கணிதத்திற்கும் அறிவியலுக்கும் கடன் கொடுத்து ஏமாந்த பாடவேளை அது. தேர்வு போனது, கடன் வாங்கும் பழக்கம் சில இடங்களில் போகவில்லை.

நான் பயன்படுத்துவனவற்றுள் மிகவும் நம்புவது 'ஐந்து விரல்' நடவடிக்கை. மாணவர் தம் கையைத் தாளில் வைத்து வரைய வேண்டும். எதையும் தயங்காமல் சொல்லக்கூடிய ஒருவரின் பெயரை ஒவ்வொரு விரலிலும் எழுத வேண்டும். மிக எளிது, செலவும் இல்லை. ஒருமுறை ஒரு மாணவன் அம்மா, பாட்டி, டீச்சர் என்று மூன்று விரலோடு நிறுத்திவிட்டான். 'ஐந்தையும் நிரப்பு' என்று சொல்ல நினைத்து, நல்ல வேளையாகச் சொல்லவில்லை. இன்னொருவன் ஐந்தையும் எழுதி முடித்துவிட்டு, என் மேசைக்கு வந்து, "டீச்சர், இந்த விரலை அழிச்சிடலாமா?" என்று கேட்டான்.

இம்முறை மணியை நான் பொருட்படுத்தவில்லை.

அவன் என்னிடம் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், அது அவனுடையது. நான் செய்ததை மட்டும் சொல்கிறேன். ஏன், எப்போது, எத்தனை முறை என்று துருவவில்லை. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று பொய் வாக்கும் கொடுக்கவில்லை. "நீ சொன்னது நல்லது, தப்பு உன்னுடையது இல்லை, உனக்கு உதவி செய்யக்கூடியவர்களிடம் நான் சொல்லியாக வேண்டும்" என்றேன். அவன் போனபின் அவனுடைய சொற்களையே, நாளும் நேரமும் குறித்து, எழுதிவைத்தேன். அன்றே தலைமையாசிரியரிடம் சென்றேன். "குடும்ப விவகாரம், பள்ளிப் பெயர் கெடும், கொஞ்சம் பொறுங்கள்" என்று சுற்றி இருந்தவர்களில் சிலர் கூறினர். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பயந்தவர்கள். ஆனால், மேற்கூறிய சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். இது எல்லாருக்கும் பொருந்தும். 'கொஞ்சம் பொறுங்கள்' என்பவரும் இதில் அடக்கம். குழந்தையின் சாட்சியத்தை உறுதிப்படுத்த வேறு சான்று இல்லாவிட்டாலும், அதை நம்பித் தீர்ப்பளிக்க நீதிமன்றத்திற்கு அதே சட்டம் இடம் தருகிறது. நீதிமன்றமே நம்பத் தயாராக இருக்கும்போது, ஆசிரியர் அறையில் உட்கார்ந்துகொண்டு "பிள்ளை கற்பனை செய்கிறான்" என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

முழுநேர வழிகாட்டி ஆசிரியர் இல்லாத சிறிய தமிழ்ப்பள்ளிகள் பல உள்ளன. அங்கெல்லாம் வகுப்பாசிரியர்தான் முதல் செவி. காவல் நிலையம், சமூகநலத் துறை, 15999 என்ற தாலியான் காசே உதவி எண் ஆகியவை எப்போதும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். என் வகுப்பில் அந்த எண்ணை வாய்பாட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பெருக்கல் வாய்பாட்டைப் போலவே அதையும் ஒப்புவிக்கிறார்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஐந்து விரல் தாள் என்றாவது உங்கள் பிள்ளையின் புத்தகப்பையில் வீட்டுக்கு வரும். சென்ற முறை ஒரு தந்தை அதைப் பார்த்துவிட்டு, "என் பெயர் ஏன் இதில் இல்லை?" என்று பிள்ளையைக் கடிந்துகொண்டார். மறுநாள் அந்தப் பிள்ளை, அழிப்பானால் ஒரு விரலைத் தேய்த்து, 'அப்பா' என்று எழுதிக்கொண்டு வந்தது. தாள் கிழிந்திருந்தது. அருள்கூர்ந்து அப்படிக் கேட்காதீர்கள். தாளைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையிலேயே வைத்துவிடுங்கள். அன்றிரவு சாப்பிடும்போது, கைப்பேசியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, பள்ளியில் என்ன விளையாடினாய் என்று கேளுங்கள்.