கத்தரிக்கோல் யார் கையில்?

ரவிக்கை தைக்கத் தெரியும் என்று சொல்லும் பெண்மணிகள் நம் வீடுகளில் அநேகர் உண்டு. வெட்டத் தெரியும் என்று சொல்லக் கூடியவர்களோ மிகச் சிலர். பழைய ரவிக்கையைப் பிரித்துப் புதுத் துணியின்மேல் பரப்பி, அதன் ஓரத்தை ஒட்டிக் கத்தரிப்பதை வெட்டுதல் என்று ஒப்புக்கொள்வதற்கில்லை. அது வெறும் நகல். பழையதில் இருந்த கோணல் புதியதிலும் தவறாமல் வந்து சேரும்.

இதை வெறும் வீட்டு விஷயமாக எண்ணிவிடலாகாது. திருப்பூரிலும் பிற ஊர்களிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் இயந்திரத்தின் முன் அமர்ந்து தைக்கிறார்கள். ஆனால் ‘கட்டிங் மாஸ்டர்’ என்னும் ஸ்தானம் பெரும்பாலும் ஆடவரிடமே இருக்கிறது. கூலியும் மரியாதையும் கத்தரிக்கோலின் பின்னே போகின்றனவேயன்றி ஊசியின் பின்னே போவதில்லை. 1924-ஆம் ஆண்டில், இயந்திரங்களைப் பற்றிய தமது கருத்தை விளக்குகையில் காந்தியடிகள் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். அவ்விலக்கின் முழுப் பயனையும் பெண்குலம் அடைய வேண்டுமானால், மிதிப்பவள் வெட்டவும் அறிந்திருத்தல் அவசியம்.

மார்பு, இடுப்பு, தோள், உயரம் ஆகிய அளவுகளைக் கொண்டு காகிதத்தில் ஓர் அடிப்படை வடிவம் வரையும் வரையில் சகோதரிகள் பழகியிருப்பதாகக் கொள்கிறேன். அதை ஓர் அட்டையில் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். மூல அட்டையில் கத்தரிக்கோல் படவே கூடாது. இனி வரும் வேலையெல்லாம் அதன் நகலில்தான்.

இரண்டாம் படியின் உயிர்நிலை, டார்ட் எனப்படும் முக்கோண மடிப்பு. தட்டையான துணியை உடலின் வடிவுக்கு இணங்கச் செய்வது அதுவே. அது இடுப்பு ஓரத்திலிருந்துதான் புறப்பட வேண்டும் என்ற நியதி கிடையாது. மார்பின் மையப் புள்ளியைச் சுற்றி, தோளுக்கோ, பக்கத் தையலுக்கோ, கைக்குழிக்கோ, கழுத்துக்கோ அதை நம் இஷ்டம்போல் மாற்றலாம். தோளுக்கு மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். முதலில் பழைய டார்ட்டின் இரு கோடுகளையும் மையப் புள்ளி வரை நீட்டுங்கள். தோளின் நடுவிலிருந்து அதே புள்ளிக்கு ஒரு கோடு இழுத்து, நூலளவு காகிதம் மிச்சமிருக்கும்படி கத்தரியுங்கள். பிறகு பழைய டார்ட்டை மடித்து மூடினால், தோளில் புதிய டார்ட் தானே வாய் திறக்கும்.

இங்கேதான் கற்பவர்கள் மிரண்டுபோகிறார்கள். புள்ளிக்குக் கீழே 4 அங்குலத்தில் 1 அங்குல அகலம் இருந்த டார்ட், புள்ளிக்கு மேலே 9 அங்குலத்தில் உள்ள தோளில் 2¼ அங்குலம் திறந்து நிற்கும். கணக்குப் பிசகிவிட்டதென்று எண்ணி அதைக் குறுக்கிவிடுவார்கள், ரவிக்கை பாழாகும். மாறாமல் இருப்பது கோணம், அகலமன்று. தூரம் கூடினால் வாயும் விரியத்தான் செய்யும். தைக்கும்போது மட்டும் புள்ளிக்கு ¾ அங்குலம் முன்னதாகவே டார்ட்டை முடித்துவிட வேண்டும். இல்லாவிடில் துணி கூம்பாகத் துருத்தி நிற்கும்.

தோள் டார்ட்டையும் இடுப்பு டார்ட்டையும் ஒரே கோடாக இணைத்து இரு துண்டுகளாக வெட்டினால் ‘பிரின்ஸஸ் கட்’. டார்ட்டுகளை வளைந்த தையல்களுக்குள் ஒளித்து, கிண்ணம் போன்ற துண்டாக்கினால் ‘கட்டோரி’. கடைக்காரர்கள் தனிக் கூலி கேட்கும் இந்த வித்தைகளின் ரகசியம் இவ்வளவுதான்.

கையைத் தூக்கினால் ரவிக்கை முழுவதும் மேலே ஏறுகிறது என்பது எங்கும் கேட்கும் முறையீடு. உடனே கைக்குழியை ஆழமாக்கிவிடுகிறார்கள். இது நோய்க்கு நேர் விரோதமான வைத்தியம். குழி தாழத் தாழ, கை உயரும்போது பக்கத்துணி முழுவதையும் அது இழுத்துக்கொண்டு போகும். குழியை அக்குளுக்கு அருகிலேயே நிறுத்துங்கள். கைத்துணியின் மேல் வளைவை ½ அங்குலம் தாழ்த்தி, வளைவின் மொத்த நீளம் குறையாதபடி கையின் அகலத்தைக் கூட்டுங்கள். கையைத் தொங்கவிடுகையில் அக்குளருகே சிறு சுருக்கங்கள் விழும். கிணற்றில் நீர் இறைப்பவளுக்கும் கொடியில் துணி உலர்த்துபவளுக்கும் அது ஒரு குறையன்று. நிலைக்கண்ணாடி முன் அசையாமல் நிற்பவளுக்குத்தான் பெருங்குறை.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. கதராயினும் கைத்தறியாயினும் ஓர் இரவு நீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பின்னரே வெட்ட வேண்டும். இல்லாவிடில் முதல் சலவையிலேயே சுருங்கி உழைப்பை வீணாக்கும். கதரின் ஓரம் எளிதில் பிரியுமாதலால் தையலுக்குள் தாராளமாகத் துணி விடுங்கள். காகிதத்தில் வரைந்த நேர்கோடு பாவு நூலுடன் ஒத்திருக்கட்டும். பாவுக்கும் ஊடைக்கும் நடுவே 45 பாகைச் சாய்வில் வெட்டினால் துணி இழுபட்டு உடலோடு படியும் என்பது மெய்யே. ஆனால் நூற்றவரும் நெய்தவரும் பாடுபட்டு ஆக்கிய துணியைச் சாய்த்து வெட்டி மூலைகளை வீணாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. டார்ட் சரியாக அமைந்தால் நேர் நூலிலேயே பொருத்தம் கிட்டும். சாய்வுத் துண்டுகள் கழுத்தோரப் பட்டிக்கு மட்டும் போதும்.

புதிதாக மாற்றிய காகிதத்தை நம்பி நல்ல துணியில் கை வைக்காதீர்கள். பழைய வேஷ்டித் துணியில் வெட்டி, பெருந்தையலாக இணைத்து, அணிந்து பாருங்கள். திருத்தங்களைப் பென்சிலால் குறித்து மீண்டும் காகிதத்துக்கு மாற்றுங்கள். இரண்டு முறை பிரிக்க நேர்ந்தாலும் பாதகமில்லை. கழுத்துக் காலர் வெட்டும் முறையை அடுத்த வாரம் பார்க்கலாம்.