ஈர மக்காச்சோளமும் நம் கழிவுக் கணக்கும்

தை பிறந்தால் பெரம்பலூர், அரியலூர், உடுமலை, விருதுநகர் பக்கங்களில் மக்காச்சோள அறுப்பு மும்முரமாகிவிடும். புரட்டாசியில் மழையை நம்பி விதைத்த காடுகள் அவை. வரத்து தொடங்கும்போதே நம் மண்டிகளில் ஆண்டுதோறும் நடக்கும் சச்சரவும் தொடங்கிவிடுகிறது. மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு என்று நாம் சொல்ல, அவ்வளவா என்று விவசாயி கேட்க, தரகர் நடுவில் நின்று சமாதானம் பேச, இரு தரப்பும் மனக்குறையோடுதான் பிரிகிறோம். இந்தக் கழிவு முறையை நாமே முன்வந்து கைவிட வேண்டும் என்பது என் கருத்து. அன்பர்கள் சிலருக்கு இது கசக்கலாம்.

மூட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பது, ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்ப்பது, இதுதான் நம் பரிசோதனை. நானும் பெரியவர்களிடம் அப்படித்தான் கற்றேன். சரக்கு ஈரமா, காய்ந்ததா என்பதைப் பல் சொல்லிவிடும். ஆனால் 16 சதவீதத்துக்கும் 19 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தப் பல்லாலும் சொல்ல முடியாது. அதனால்தான் வருவோர் எல்லோருக்கும் ஒரே கழிவு போடுகிறோம்.

கணக்கைப் பாருங்கள். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ மக்காச்சோளத்தை 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் 93 கிலோதான் மிஞ்சும். 18 சதவீதமென்றால் 95 கிலோவுக்குச் சற்று மேல். குவிண்டாலுக்கு 2 கிலோ கழித்து வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதச் சரக்கில் நாம் 98 கிலோவுக்குப் பணம் கொடுத்து 93 கிலோவை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். 2025-26க்கு அறிவிக்கப்பட்ட ஆதரவு விலையான 2,400 ரூபாயில் கணக்கிட்டாலே குவிண்டாலுக்கு 120 ரூபாய் நமக்கு நட்டம். அதே நாளில் நான்கு நாள் களத்தில் காயவைத்து 14 சதவீதத்தில் கொண்டுவந்தவரிடமும் அந்த 2 கிலோவைப் பிடித்துக்கொள்கிறோம். காயவைத்ததில் அவருக்கு எடை ஏற்கெனவே குறைந்துவிட்டது. கழிவில் இரண்டாம் முறையும் குறைகிறது. அடுத்த ஆண்டு அவர் ஏன் காயவைக்கப் போகிறார்? ஈரச் சரக்கு வருகிறதே என்று அங்கலாய்க்கும் நாமே அதற்கு வழி செய்து கொடுத்திருக்கிறோம்.

விவசாயி எந்த நாளில் அறுப்பது என்பதையும் நம் விலைதான் முடிவு செய்கிறது. மணியின் அடியில் கறுப்புப் படலம் தெரிந்தால் பயிர் முற்றிவிட்டது என்று பொருள். அப்போதும் மணியில் 30 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். அந்தச் சமயத்திலேயே கதிரை ஒடித்துவிட்டால் தட்டையில் பசுமை இருக்கும், மாடு விரும்பித் தின்னும். கதிர் செடியிலேயே காயட்டும் என்று விட்டால் மணி உலரும். ஆனால் இலை உதிர்ந்து, தட்டை விறகு போலாகிவிடும். இடையில் மழை வந்தால் இரண்டும் போச்சு. 2021 ஜனவரியில் அறுப்பு நேரத்தில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சீக்கிரம் ஒடித்து, களத்தில் உலர்த்தி, தீவனத்தையும் காப்பாற்றுபவர்தான் நல்ல விவசாயி. அந்த உழைப்புக்கு நம் தராசில் இன்று ஒரு காசு மதிப்பில்லை. 2018இல் படைப்புழு வந்த பிறகு மருந்துச் செலவு வேறு கூடிவிட்டது அவருக்கு.

நம் பக்கத்து நட்டம் எடையோடு முடிவதில்லை. ஈரச் சரக்கை அட்டி போட்டால் உள்ளுக்குள் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும், முட்டையைக் குறைக்கும். நாமக்கல், பல்லடம் பக்கத்துத் தீவன ஆலைக்காரர்கள் அதைச் சோதிக்காமல் இறக்க மாட்டார்கள். ஓர் ஆண்டு நான் அனுப்பிய லாரி ஆலை வாசலில் இரண்டு நாள் நின்று அப்படியே திரும்பியது. லாரி வாடகை இரு வழிக்கும் என் தலையில். பிரித்துப் பார்த்தபோது பாதிக்கும் மேல் நல்ல சரக்குதான்; ஈர மூட்டைகளைக் காய்ந்ததோடு கலந்து ஏற்றியது நான் செய்த தவறு.

ஆகவே வரும் தை வரத்துக்கு முன் ஒவ்வொரு மண்டியிலும் ஈரப்பதம் அளக்கும் மீட்டர் இருக்க வேண்டும். 14 சதவீதத்துக்கு முழு விலை. அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் எவ்வளவு குறையும் என்ற பட்டியலைத் தராசுக்கு மேலே எல்லோரும் பார்க்கும்படி மாட்டவேண்டும். விவசாயி முன்னிலையிலேயே நாலைந்து மூட்டைகளில் மாதிரி எடுத்துக் கலந்து அளக்க வேண்டும். வெயிலில் சூடேறிய மணியையும், மேலே பனி நனைந்த மணியையும் உடனே அளந்தால் மீட்டர் தப்பாகக் காட்டும். சற்று ஆறவிட்டு அளப்பது நல்லது.

பக்கத்து மண்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் சரக்கு அங்கே போய்விடுமே என்று கேட்பீர்கள். போகும், ஈரச் சரக்கு போகும். காய்ந்த சரக்கு நம்மிடம் வரும். இருந்தாலும் இதை ஒருவர் மட்டும் செய்தால் முதல் ஆண்டு கையைக் கடிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் சங்கம் ஒரே பட்டியலை அச்சிட்டு எல்லா மண்டிக்கும் கொடுக்க வேண்டும் என்கிறேன். மீட்டர்களை ஆண்டுக்கு ஒருமுறை ஓரிடத்தில் வைத்து ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பொறுப்பையும் சங்கமே ஏற்கட்டும். கார்த்திகை மாதக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியுள்ளேன். எதிர்ப்பவர்கள் தங்கள் கொள்முதல் கணக்கோடு வரட்டும்.